பெயர் கேட்காத வேலை

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்துச் சிற்றூரான பெக்கோக்கில் நான் குடியேறியபோது என்னைத் தெரிந்தவர் அங்கே ஒருவரும் இல்லை. அதுவரை ஜொகூர் பாருவில் ஒரு வங்கியின் தொலைபேசிப் பிரிவில் வேலை பார்த்தேன். அந்தப் பிரிவை வேறு நாட்டுக்கு மாற்றிவிட்டார்கள். அதற்கு முந்தின ஆண்டுதான் நானும் கணவரும் பிரிந்திருந்தோம். பிள்ளைகள் இல்லை. நகரத்தில் வாடகை கட்டிக்கொண்டு இருப்பதற்கு ஒரு காரணமும் இல்லை என்று ஆனபோது, பெக்கோக்கில் உறவினர் ஒருவரின் வீடு பூட்டிக் கிடப்பதாகச் சொன்னார்கள். ரயில் நிலையத்துக்குச் சற்றுத் தள்ளி, கடைவரிசை முடிந்து எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்கள் தொடங்குகிற இடத்தில் இருந்தது. சுவரில் ஈரம் ஏறியிருந்தது. ஆனால் இணையம் நன்றாகக் கிடைத்தது. என் புது வேலைக்கு அது போதும்.

வேலை தந்தது ஜொகூர் பாருவிலுள்ள ஒரு சின்ன நிறுவனம். இங்கே செய்யும் நாற்காலியையும் கையுறையையும் சட்டையையும் வாங்குகிற வெளிநாட்டு வியாபாரிகள், "உங்கள் தொழிலாளர்கள் பயமில்லாமல் குறை சொல்ல ஒரு வழி இருக்கிறதா? அந்தப் போனை எடுப்பது உங்கள் ஆள் இல்லையே?" என்று தொழிற்சாலைகளைக் கேட்க ஆரம்பித்திருந்தார்கள். அதற்காகத் தொழிற்சாலைகள் எங்கள் நிறுவனத்தை அமர்த்தின. வங்காளிக்கும் நேப்பாளிக்கும் பர்மிய மொழிக்கும் ஆளுக்கொருவர் இருந்தார்கள். தமிழுக்கும் மலாய்க்கும் நான். எல்லோரும் அவரவர் வீட்டிலிருந்தே பேசுவோம். எங்கள் எண்ணைப் பல மொழிகளில் அச்சடித்துத் தொழிற்சாலைக் கழிப்பறைச் சுவரில் ஒட்டுவார்கள். அங்கேதான் மேற்பார்வையாளர் பின்னால் நின்று பார்க்க மாட்டார். மிஸ்டு கால் கொடுத்தால் போதும், நாங்கள் திருப்பி அழைப்போம்.

அழைப்பவர் தானாகச் சொன்னாலொழியப் பெயர் கேட்கக்கூடாது என்பதுதான் முதல் நாள் சொல்லிக்கொடுத்தது. நான் எங்கே இருக்கிறேன் என்று சொல்லக்கூடாது, அழைத்தவரை நேரில் பார்க்கவும் கூடாது. எங்கள் மேலாளர் என்னைவிட வயதில் மிகவும் இளைய மலாய்ப் பெண். "அக்கா, இது அவங்களைக் காப்பாத்த மட்டும் இல்ல, உங்களையும்தான்" என்றார். மலாயில்தான் பேசுவார், ஆனால் என்னை 'அக்கா' என்றே அழைப்பார்.

தமிழ் அழைப்புகள் குறைவாகத்தான் வரும். ஒருவர் கூப்பிட்டுக் கிரிக்கெட்டில் யார் ஜெயித்தது என்று கேட்டார். இன்னொருவர் சாம்பாரில் உப்பே இல்லை என்றார். முதலில் எனக்கு எரிச்சலாக இருந்தது. கொஞ்ச நாளில் புரிந்துவிட்டது. யாரும் பெரிய குறையை எடுத்த எடுப்பில் சொல்வதில்லை. சாம்பாரைச் சொல்லிவிட்டு, மறுநாள் யாராவது தன்னைக் கூப்பிட்டுத் திட்டுகிறார்களா என்று பார்ப்பார்கள். திட்டு வரவில்லை என்றால் அடுத்தது சொல்வார்கள்.

அழைப்பே வராத நாட்களும் உண்டு. சாயங்காலம் கோப்பிக்கடைக்குப் போய், பால் விடாத "கோப்பி ஓ" என்று கேட்கும்போது குரல் கரகரத்து வரும். அன்று முதன்முதலாக வாய் திறக்கிறேன் என்று அப்போதுதான் தெரியும். கடைக்காரச் சீன அம்மாள் நான் போனில் காப்புறுதிப் பாலிசி விற்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தார். நான் திருத்தவில்லை.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் அந்த மிஸ்டு கால் வந்தது. திருப்பி அழைத்தேன். பின்னணியில் ரம்பம் மரத்தை அறுக்கும் சத்தம் காதைக் கிழித்தது. ஓர் ஆண்குரல், கையால் வாயைப் பொத்திக்கொண்டு பேசுவது போல.

"இது கம்பெனி நம்பரா?"

"இல்லைங்க. நான் வெளி ஆளு. நீங்க பேசறது கம்பெனிக்குத் தெரியாது. பேருகூட சொல்ல வேணாம்."

"பருப்புல புழு இருக்கு," என்றார்.

"எப்பலேருந்து லா?"

"அது கெடக்கட்டும். நீங்க எந்த ஊரு தமிழு? லாங்கறீங்க."

"இந்த ஊரு தமிழுதான். நீங்க?"

"நான் புதுக்கோட்டைப் பக்கம்," என்றார். உடனே, அதைச் சொல்லியிருக்கக்கூடாதோ என்பதுபோல் வைத்துவிட்டார்.

மறுபடி ஞாயிற்றுக்கிழமை பகலில் மிஸ்டு கால் கொடுத்தார். இந்தத் தடவை ரம்பம் இல்லை. கோழி கூவியது. யாரோ தகரத்தின்மேல் ஈரத்துணியை உதறிப் போடுகிற சத்தம் கேட்டது. புழுவைப் பற்றி என்னைத் தவிர வேறு யாருக்கும் தெரியவில்லை என்று உறுதிசெய்துகொண்டு பேசினார். எதைச் சாப்பிட்டேன் என்று கேட்டார். சொன்னேன். நானும் பேச்சுக்கு, "இன்னிக்கு லீவுதானே, வெளிய எங்கயும் போவலியா?" என்று கேட்டேன்.

"கேட்டு பூட்டியிருக்குல்ல," என்றார். மழை பெய்கிறதல்லவா என்று சொல்லும் தொனியில்தான் சொன்னார்.

அதற்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. நாற்காலி செய்யும் தொழிற்சாலையில் வேலை என்று ஊரில் ஓர் ஏஜெண்ட் சொல்லித்தான் கூட்டி வந்தார். விமானத்தை விட்டு இறங்கியதும் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு வேறு எங்கேயோ வேனில் ஏற்றினார்கள். வந்து சேர்ந்த இடம் பால்மரத்தை, அதாவது ரப்பர் மரத்தை, அறுத்துப் பலகையாக்கும் ஆலை. சுற்றிலும் தோட்டம். தூரத்தில் ஒரு மலை தெரியும். ஆலைக்குப் பின்னால் பலகையும் தகரமும் வைத்து அடித்த கொங்சியில் எல்லோரும் படுத்துக்கொள்கிறார்கள். வேலை பெர்மிட் வேறு யாரோ ஒரு கம்பெனியின் பெயரில் இருக்கிறது. சம்பளத்தில் கைச்செலவுக்கு மட்டும் கொடுத்துவிட்டு மிச்சத்தை ஊருக்குப் போகும்போது வாங்கிக்கொள்ளச் சொல்கிறார் முதலாளி. கூட இருக்கும் ஒருவருக்கு ரம்பத்தில் விரல் அறுந்து, மஞ்சள் வைத்துக் கட்டியிருக்கிறார்கள்.

"வெளிய போனா போலீஸ்ல புடிச்சுருவாங்கன்னு சொல்லித்தான் பூட்டுறாரு. எங்க நல்லதுக்குத்தானாம்."

"எங்க நம்பர் உங்களுக்கு எப்படிக் கெடைச்சிச்சி?"

"பலகை ஏத்திக்கிட்டு லாரில போனேன், எறக்கி வைக்க. நாற்காலி பண்ற எடம். அங்க பாத்ரூம்ல தமிழ்ல எழுதியிருந்துச்சு. எத்தன நாளாச்சு அக்கா, தமிழ் எழுத்தப் பாத்து. வாய்க்குள்ளயே சொல்லிக்கிட்டு வந்தேன், மறக்காம இருக்க."

எந்த நாற்காலித் தொழிற்சாலைக்கு வரவேண்டும் என்று கூட்டி வந்தார்களோ, அது போன்ற ஒன்றுக்கே அவர் பலகை இறக்கப் போயிருக்கிறார்.

"இதையெல்லாம் அந்த நாற்காலி கம்பெனிக்கு எழுதட்டுமா? யாரு சொன்னாங்கன்னு போவாது."

"கூட இருக்கறவங்கள கேக்கணும் அக்கா. எல்லாருக்கும் சேத்துதான அடி விழும்."

கேட்டுச் சொல்கிறேன் என்றார். பிறகு பல நாட்கள் ஒன்றும் இல்லை. நானாக அந்த எண்ணுக்கு அழைக்க முடியாது. ஒரே போனைப் பலர் மாற்றி மாற்றி வைத்திருந்தார்கள். தவறான நேரத்தில் அது அடித்தால் பறித்துக்கொண்டுவிடுவார்கள். குளிக்கப் போனாலும் என் போனைக் கூடவே எடுத்துப் போனேன். துணி காயப்போடும்போது கொடியில் கிளிப்போடு சேர்த்து மாட்டிவைத்தேன். யாரிடமாவது சொல்லி ஆற்றிக்கொள்ளலாம் என்றால், சொல்லவும் கூடாது, சொல்ல ஆளும் இல்லை. பக்கத்து வீட்டுச் சீனத் தம்பதி வாசலில் பார்த்தால் தலையை ஆட்டுவார்கள். நானும் ஆட்டுவேன்.

கடைசியில் கூப்பிட்டார். "எழுதுங்க அக்கா. எல்லாரும் சரின்னுட்டாங்க. ஆனா ஒண்ணு சொல்லணும். ஆர்டர மட்டும் நிறுத்திடச் சொல்லாதீங்க."

"ஏன்?"

"முன்னாடி ஒரு கம்பெனிக்காரங்க வந்து பாத்துட்டு, இது சரியில்லன்னு பலகை வாங்கறத நிறுத்திட்டாங்களாம். எங்களுக்கு முன்னாடி இருந்தவங்கள வேன்ல ஏத்தி எங்கயோ கொண்டுபோயி வித்த மாதிரி விட்டுட்டாங்கன்னு இங்க ஒருத்தர் சொல்றாரு. அந்த ஆளுங்க எங்க இருக்காங்கன்னே தெரியல. அந்தக் கம்பெனிக்காரங்க நல்லவங்களா இருக்கணும்னு நெனச்சு நிறுத்திட்டாங்க. மாட்டிக்கிட்டது யாரு?"

அதை அவர் சொன்னபடியே எழுதி மேலாளருக்கு அனுப்பினேன்.

எங்கள் எண்ணைத் தமிழிலும் ஒட்டியிருந்த நாற்காலித் தொழிற்சாலை ஒன்றுதான்; தங்காக் என்ற ஊருக்கு வெளியே இருந்தது. வழக்கமாக நான் கூட்டங்களுக்குப் போவதில்லை. அழைத்தவரின் குரலைக் கேட்டது நான் ஒருத்திதான் என்பதால் மேலாளர் என்னையும் வரச் சொன்னார். என் பழைய காரை ஓட்டிக்கொண்டு போனேன். தங்காக்கை நெருங்கும்போது லேடாங் மலை வலதுபக்கம் எழுந்து நின்றது. அவர் சொன்ன மலை இதுவாகத்தான் இருக்கவேண்டும். சாலையோரம் லாரியில் பலகை போகும்போதெல்லாம் மேலே உட்கார்ந்திருக்கும் ஆட்களைப் பார்த்தேன்.

தொழிற்சாலையின் முதலாளி ஒரு சீனப் பெண்மணி, என் வயதுதான் இருக்கும். அப்பாவுக்குப் பிறகு அவர் எடுத்து நடத்துகிறார். பக்கத்தில் கொள்முதல் பார்க்கும் ஆள் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பேச்சு மலாயில் நடந்தது.

கொள்முதல்காரர் என் குறிப்பைப் படித்து, எந்த ஆலை என்று கண்டுகொண்டு, "இவங்க நம்ம ஆளுங்க இல்லையே. நாம பலகை மட்டும்தானே வாங்கறோம்," என்றார். பிறகு முதலாளியம்மாள் பக்கம் திரும்பி, "பிரச்சினையே வேண்டாம். இன்னைக்கே அந்த ஆலையை வெட்டிவிட்டுடலாம். வெளிநாட்டுக்காரங்க கேட்டா நாங்க உடனே நடவடிக்கை எடுத்துட்டோம்னு காட்டலாம்," என்றார்.

"வெட்டிவிட்டா அந்த ஆளுங்க காணாமப் போயிடுவாங்க," என்றார் எங்கள் மேலாளர். "நீங்க வாங்கற வரைக்கும்தான் அந்த ஆலைக்காரர் உங்க பேச்சைக் கேப்பார். நிறுத்தின அன்னைக்கு உங்களுக்கும் அவருக்கும் ஒண்ணும் இல்ல."

முதலாளியம்மாள் என்னைப் பார்த்தார். "நீங்கதான் அவர்கூடப் பேசினீங்களா? எப்படி இருக்கார்?"

அந்தக் கேள்வியை யாரும் கேட்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. "பயந்துபோயிருக்கார். ஆனா நல்லாப் பேசறார். எனக்கு என்ன சமையல்னு கேக்கறார்," என்றேன். குனிந்து கோப்பியைக் குடித்தேன்.

முதலாளியம்மாள் எழுந்து ஜன்னலோரம் அடுக்கியிருந்த பலகையில் ஒன்றை எடுத்தார். "ஈரம் எவ்வளவு இருக்குன்னு ஒவ்வொரு லாரிக்கும் கருவி வெச்சுப் பாக்கறேன். மரத்துல முடிச்சு இருந்தா திருப்பி அனுப்பறேன். அந்த ஆலைக்கு எத்தனையோ தடவை போயிருக்கேன். ஆபீசுல தண்ணி குடிச்சிட்டு வந்துடுவேன். பின்பக்கம் ஒரு நாளும் போனதில்ல," என்றார். யாரையும் குறைசொல்லும் குரலில் இல்லை.

புகார் தன் ஆலையிலிருந்து போனது என்று அந்த ஆலைக்காரருக்குத் தெரிந்துவிடக்கூடாது என்பதுதான் எனக்குப் பெரிய கவலையாக இருந்தது. அதற்கு எங்கள் மேலாளர் ஒரு வழி சொன்னார். தொழிற்சாலைக்குப் பலகை கொடுக்கும் எல்லா ஆலைகளுக்கும் ஒரே வாரத்தில் போய், எல்லோரிடமும் ஒரே மாதிரிக் கொங்சியைத் திறந்து காட்டச் சொல்லவேண்டும். வெளிநாட்டு வியாபாரி புதிதாகக் கேட்கிறார் என்று சொன்னால் போதும், அது பொய்யும் இல்லை. முதலாளியம்மாள் ஒப்புக்கொண்டார். தானே போவதாகவும் சொன்னார்.

நான் பெக்கோக்குக்குத் திரும்பினேன். அந்த வாரம் நடந்ததெல்லாம் மேலாளர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். முதலாளியம்மாள் ஈரம் பார்க்கும் கருவியோடு ஒவ்வோர் ஆலைக்கும் போயிருக்கிறார். அந்த ஆலைக்காரரிடம், தொடர்ந்து வாங்குகிறேன், எழுத்திலேயே தருகிறேன், ஆனால் பாஸ்போர்ட் அவரவர் கையில் இருக்கவேண்டும், கேட்டைப் பூட்டக்கூடாது, சம்பளம் மாதாமாதம் முழுசாக வங்கியில் விழவேண்டும் என்றாராம். ஆலைக்காரர் கத்தினாராம். பிள்ளைகள் மாதிரி வைத்திருக்கிறேன், ஓடிப்போனால் யார் பொறுப்பு என்று கேட்டாராம். விரல் அறுந்தவரை முதலாளியம்மாள் தன் காரிலேயே ஏற்றித் தங்காக் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். பிறகு, ஆட்கள் தாங்களே சம்மதித்த பின்னர், தொழிலாளர் இலாகாவுக்குத் தகவல் போயிற்று. அதிகாரிகள் வந்து ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசினார்கள்.

நல்ல செய்திகள்தான். ஆனால் அவரிடமிருந்து ஓர் அழைப்பும் இல்லை. கடைசியாகக் கேட்ட குரல் "மாட்டிக்கிட்டது யாரு?" என்றதுதான். ஆலைக்காரர் யாரையாவது சந்தேகப்பட்டிருந்தால்? மேலாளரிடம் கேட்டேன். "எல்லாரும் அங்கதான் இருக்காங்க அக்கா. யாரும் குறையல," என்றார். அந்த எல்லோரில் எந்த ஆள் அவர் என்று மேலாளருக்கும் தெரியாது.

தீபாவளி வந்தது. எங்கள் எண்ணுக்கு விடுமுறை கிடையாது. தமிழுக்கு மாற்று ஆளும் கிடையாது. எனக்கு அது வருத்தமாக இல்லை, போவதற்கு இடம் ஒன்றும் இல்லாததால். காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுக் கொஞ்சம் ஆட்டிறைச்சி சமைத்தேன். ஓர் ஆளுக்கு ஆட்டிறைச்சி சமைப்பது கஷ்டம். எவ்வளவு குறைத்துப் போட்டாலும் மிஞ்சும். தெருவில் பட்டாசுச் சத்தம் கேட்டது. தோட்டத்துப் பக்கமிருந்து ஒரு குடும்பம் புதுத்துணி உடுத்திக்கொண்டு கோவிலுக்கு நடந்து போனது.

இலையில் சோறு போட்டு உட்காரும்போது மிஸ்டு கால்.

"அக்கா, தீபாவளி வாழ்த்துக்கள்!"

வாயைப் பொத்தாத குரல். சுற்றிலும் மோட்டார் சைக்கிள் சத்தம், கடைப் பாட்டு, ஆட்கள் பேசுவது எல்லாம் கேட்டது.

"அக்கா? இருக்கீங்களா?"

"இருக்கேன் தம்பி. எங்க இருக்கீங்க?"

"டவுன்ல! தங்காக்குங்கறாங்க. ரெண்டு பக்கமும் துணிக்கடையா இருக்கு. கேட்ட தெறந்தாச்சு அக்கா. நாங்கபாட்டுக்கு நடந்து மெயின் ரோட்டுக்கு வந்து பஸ் ஏறிட்டோம்." மூச்சு வாங்கச் சிரித்தார். "பாஸ்போர்ட் குடுத்துட்டாங்க. தெறந்து பாத்தா என் மூஞ்சியே எனக்கு அடையாளம் தெரியல. போட்டோ எடுக்கறப்ப கன்னமெல்லாம் நல்லா இருந்துருக்கு."

என்ன வாங்கினீர்கள் என்று கேட்டேன். இதுவரை ஒன்றும் இல்லை என்றார். இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே இருக்கிறார்களாம். ஒரு கடைக்கார அம்மா எந்த ஊர் என்று விசாரித்து முறுக்கு கொடுத்தாராம். பிடித்துவைத்த சம்பளத்தில் பாதி வந்துவிட்டதாம், மீதிக்கு இலாகாவில் பேச்சு நடக்கிறதாம். ஊருக்குப் போவதா, இருப்பதா என்று இன்னும் முடிவு பண்ணவில்லை. நாற்காலித் தொழிற்சாலையே தங்களை வேலைக்கு எடுத்துக்கொள்ள மனு போட்டிருப்பதாகச் சொல்கிறார்கள்.

பிறகு, "நீங்க எந்த எடத்துல இருக்கீங்க அக்கா? பக்கத்துலன்னா ஒரு நா வந்து பாத்துட்டுப் போறேன். நல்ல நாளும் அதுவுமா," என்றார்.

பெக்கோக் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. இலையில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. சட்டியில் இன்னும் இரண்டு பேருக்குக் கறி இருந்தது.

"நான் ஜொகூர்தான் தம்பி. நேர்ல பாக்க எங்களுக்கு அனுமதி இல்ல."

"ஓ. பரவால்ல அக்கா. வீட்ல எல்லாரும் இருக்காங்களா? புள்ளைங்க எல்லாம்?"

"எல்லாரும் இருக்காங்க," என்றேன். "சாப்பிட உக்காந்துருக்கோம்."

"அய்யோ, சாப்புடுங்க சாப்புடுங்க. எல்லாரையும் கேட்டதாச் சொல்லுங்க."

அதுதான் அவர் கடைசியாகப் பேசியது. சில மாதங்கள் கழித்து, அந்த ஆட்களில் பாதிப் பேர் நாற்காலித் தொழிற்சாலையின் விடுதிக்கு மாறிவிட்டதாகவும், மற்றவர்கள் ஊர் திரும்பிவிட்டதாகவும் மேலாளர் சொன்னார். ஆலைக்காரர்மீது இலாகா தொடுத்த வழக்கு நடக்கிறது. முதலாளியம்மாள் இப்போது எல்லா ஆலைகளிலும் பின்பக்கம் வரை போய்ப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறாராம். எங்கள் எண் அந்தக் கொங்சிகளிலும் ஒட்டப்பட்டிருக்கிறது. அவர் இருந்த பாதி எந்தப் பாதி என்று எனக்குத் தெரியவில்லை. யாரிடம் என்ன சொல்லி விசாரிப்பது? புதுக்கோட்டைப் பக்கம், நல்ல குரல் என்றா?

என் ஓய்வுநாள் ஒன்றில், ஞாயிற்றுக்கிழமை, தங்காக்குக்குக் காரை ஓட்டிக்கொண்டு போனேன். சேலை எடுக்க என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கடைத்தெருவில் தொழிற்சாலை ஆட்கள் கூட்டம் கூட்டமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு கடைவாசலில் நான்கைந்து தமிழ் இளைஞர்கள் குளிர்பானம் குடித்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால், கண்ணாடிக்குள் தொங்கும் துணியைப் பார்ப்பதுபோல் நின்றேன். ஒருவர் மாற்றி ஒருவர் பேசினார்கள். எல்லோருடைய குரலையும் கேட்கும்வரை நின்றேன். பிறகு அவர்களில் ஒருவர் திரும்பி, "வழி விடணுமா ஆன்ட்டி?" என்று ஒதுங்கினார்.

"இல்ல லா, நில்லுங்க," என்றேன். அந்த 'லா' அங்கே யாருக்கும் எதையும் நினைவூட்டவில்லை.

அவர்கள் தெருவைக் கடந்து பேருந்து நிற்குமிடத்துக்குப் போனார்கள். நான் கடைக்குள் போய், விற்பனைப் பெண் ஒவ்வொன்றாக விரித்துக் காட்டிய சேலைகளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.